உபசாரப் பத்திரம்

கோயில் மணி அடித்ததும் எழுந்திருக்கிறேன். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துகிறேன். குடங்களை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போகிறேன். அங்கே நிற்கும் பெண்கள் என்னைக் கண்டதும் விலகி வழிவிடுவார்கள். ஆண்பிள்ளை குடம் தூக்குவதைப் பார்க்க அவர்களுக்குக் கூச்சம். பெண்டாட்டி செத்தவன் என்பதால் அதைச் சொல்லிச் சிரிக்கவும் முடியாது. தண்ணீரைக் கொண்டுவந்து வைக்கும்போது மாமியார் அடுப்பு மூட்டியிருப்பார். காப்பியை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்படுவார். நான் முந்தின நாள் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்கிறேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். பையன்களின் இங்கிலீஷ் கட்டுரைகளைத் திருத்துகிறேன். பிறகு பள்ளிக்கூடம். இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

காம்பவுண்டின் பின்பக்கம் கிணறு இருக்கிறது. அதில் நான் தண்ணீர் எடுப்பதில்லை. மற்றவர்கள் எடுக்கிறார்கள். கேத்தரினை வெளியே எடுத்த மறுநாள் முனிசிபாலிட்டி ஆள் வந்து பர்மாங்கனேட் கொட்டிவிட்டுப் போனான். சில நாள் தண்ணீர் ரோஜா நிறமாக இருந்தது. நிறம் போனதும் வாளிகள் இறங்கின.

அன்றைக்கும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ரெமிஜியஸ் வந்தார். எதிர் வீடு. தபாலாபீசில் வேலை. செய்தி சொல்ல வரும்போது அவர் செருப்பை வாசலில் விடமாட்டார், கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். வந்த வேகத்தில் போய்விடுவேன் என்று காட்டுவதற்காக. போனதே இல்லை.

"மாஸ்டர், விஷயம் தெரியுமா? நம்ம இன்ஸ்பெக்டருக்கு டிரான்ஸ்ஃபர்."

"தெரியாது."

"மாஸ்டருக்கு எதுதான் தெரியுது. பிரமோஷன்ல போறார். அதான் நம்ம தெரு, பின் தெரு எல்லாம் சேர்ந்து ஒரு டீ பார்ட்டி வெச்சு, ஒரு அட்ரெஸ், உபசாரப் பத்திரம், படிச்சுக் குடுக்கலாம்னு. கரையெல்லாம் தங்க மையில அச்சடிச்சு, பிரேம் போட்டு. சில்வெஸ்டர்தான் பிரெசிடென்ட்டு. நான் செக்ரெட்டரி."

"நல்லது."

"எழுதறது நீங்க."

நான் காப்பியைப் பார்த்தேன்.

"பி.ஏ. படிச்சவர் நம்ம தெருவுல வேற யார் இருக்கா? போன இன்ஸ்பெக்டருக்கு நான்தான் எழுதினேன். 'யுவர் கைண்ட் செல்ஃப், யுவர் கைண்ட் செல்ஃப்'னு வரிக்கு வரி வந்துடுச்சுன்னு இன்னும் சொல்லிச் சிரிக்கிறானுங்க."

"கேத்தரினுக்கு ரிப்போர்ட் எழுதினது இந்த இன்ஸ்பெக்டர்தானே," என்றேன்.

ரெமிஜியஸ் செருப்பைக் கீழே வைத்தார்.

எங்கள் தெருவுக்கும் போலீசுக்கும் நல்ல உறவு. பிரேசர் டவுனில் இதைவிட நல்ல உறவு எந்தத் தெருவுக்கும் கிடையாது என்று சில்வெஸ்டர் சொல்வார். கிறிஸ்துமசுக்கு ஸ்டேஷனுக்குக் கேக் போகும். ஈஸ்டருக்கு முட்டை போகும். மாதா திருநாள் தேர் எங்கள் முனைக்கு வரும்போது இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி போட்டிருக்கும். அவர் எங்கள் சபைக்காரர் அல்ல, புராட்டஸ்டண்டு, தேருக்கு எழுந்திருக்கமாட்டார். அவருக்காகத் தேர் கொஞ்சம் நிற்கும். கன்னடக்காரக் கான்ஸ்டபிள் ரங்கா ரோந்துக்கு வரும்போது எந்த வீட்டில் கோழி அடைகாக்கிறது என்று பெண்களிடம் விசாரிப்பான். அவனுக்குப் பதில் சொல்லும்போது பெண்களின் குரல் கொஞ்சம் உயரும். பக்கத்து வீட்டுக்குக் கேட்கவேண்டும். இந்தத் தெருவில் ஒருவரை மரியாதையாக அறிமுகம் செய்துவைக்க வேண்டுமானால் 'இன்ஸ்பெக்டருக்கு இவரைத் தெரியும்' என்று சொல்வார்கள். இன்ஸ்பெக்டருக்கு எதனால் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. இத்தனை உறவு இருந்தும், ஏதாவது திருட்டுப் போனால் ஒருவரும் ஸ்டேஷன் பக்கம் போகமாட்டார்கள். போனால் இன்னொரு முறை திருட்டுப் போகும்.

கேத்தரின் விழுந்தது ராஜாவின் ஜூபிலி வருஷம் மழைக்காலத்தின் கடைசியில். அந்த மழையில் கிணற்றுச் சுவரின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கிணறும் காம்பவுண்டும் சில்வெஸ்டருடையவை. அவர் கண்ட்ராக்டர். ஊரெல்லாம் சுவர் கட்டுகிறவர். பெண்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவரும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மிச்சமிருந்த கற்களின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டுதான் எல்லாரும் இறைத்தார்கள். அன்று காலையில் நான் வீட்டுக்குள் இருந்தேன். கல் விழுந்த சத்தம் கேட்டது. அந்தக் கிணற்றில் கல் விழுவது புதிதல்ல. அதனால் உடனே எழுந்து போகவில்லை.

போலீஸ் வந்தது. சில்வெஸ்டர் வீட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் ஓஸ்வால்டுக்கு நாற்காலி வந்தது. பிஸ்கட்டுடன் காப்பி வந்தது. பிரேத விசாரணைக்கு அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர் பஞ்சாயத்தாராக நின்று, சாவு எப்படி நேர்ந்தது என்று அபிப்பிராயம் சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். ரங்கா போய் ஆட்களைக் கூப்பிட்டான். கூப்பிடப்பட்டவர்கள் உள்ளே போய்க் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கூப்பிடப்படாத ஒருவர் தாமாகக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். சில்வெஸ்டர் ஒரு பஞ்சாயத்தார். ரெமிஜியஸ் ஒரு பஞ்சாயத்தார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. என்னை அவர் எதுவும் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றார். பஞ்சாயத்தாரிடம் கேட்டார். கல்யாணமாகி எத்தனை வருஷம். குழந்தை உண்டா. இல்லையா. அப்படியா. அந்தப் பெண் அடிக்கடி தனியாக உட்கார்ந்திருப்பதுண்டா. ரெமிஜியஸ் யோசித்தார். உண்டு என்றார். வீட்டில் வேறு ஆள் இல்லாத பெண் தனியாக உட்காராமல் எப்படி உட்காருவாள் என்று யாரும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் கிணற்றைச் சுற்றி நடந்தார். சரிந்த பக்கம் வந்ததும் கைத்தடியால் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தார். கல் பெயர்ந்து உள்ளே போய் விழுந்தது. அந்தச் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. சில்வெஸ்டர் வானத்தைப் பார்த்தார். மற்றவர்களும் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் நாற்காலிக்குத் திரும்பி, குழந்தை இல்லாத மனக்கஷ்டத்தில் தானாகக் குதித்ததாகப் பஞ்சாயத்தார் அபிப்பிராயப்படுகிறார்கள் என்று எழுதினார். ஐந்து பேரும் அபிப்பிராயப்பட்டார்கள். கையெழுத்துப் போடும்போது பேனாவை அவர்கள் பிடித்த விதத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. கல்யாண ரிஜிஸ்டரில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அப்படிப் பிடிப்பார்கள்.

அந்த வாரமே சில்வெஸ்டர் சுவரைச் சிமெண்டில் கட்டிவிட்டார்.

பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர். நல்ல தமிழ் பேசுவார். தற்கொலை என்று சர்க்கார் எழுதியிருக்கும்போது தம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்று நல்ல தமிழில் சொன்னார். பூசை இல்லை. மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் கோடியில், கள்ளி வேலியை ஒட்டி, மந்திரிக்காத மண் ஒரு துண்டு இருக்கிறது. ஞானஸ்நானம் பெறுமுன் செத்த குழந்தைகளை அங்கேதான் புதைப்பார்கள். சின்னச் சின்ன மேடுகள். அவற்றின் நடுவே கேத்தரினுக்குப் பெரிய மேடு. என் மாமியார் மதலேனம்மாள் நீலசந்திராவில் மகன் வீட்டில் இருந்தவர். அன்றைக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. தினமும் காலையில் போய் அந்த வேலியோரம் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒருநாள் மட்டும் சொன்னார்: "பிள்ளை இல்லன்னு எழுதினாங்களே. இப்ப எத்தனை பிள்ளைங்க பாருங்க அவளுக்கு." அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். சாமியார் வந்து அந்த மண்ணில் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கவேண்டும். அதற்குப் போலீசிடமிருந்து வேறு விதமாக ஒரு காகிதம் வரவேண்டும். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்துவிட்டு வந்தேன். மறுபடி போனேன். ரங்கா, "சும்னே எதுக்கு சார் அலையறீங்க, முடிஞ்சு போனது முடிஞ்சு போச்சு," என்று ஆறுதல் சொன்னான். பிறகு போகவில்லை.

ரெமிஜியஸ் இதையெல்லாம் அறிந்தவர். குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்குத்தான் மாஸ்டர் நான் வந்ததே. சில்வெஸ்டர் இன்ஸ்பெக்டர் காதுல போட்டுட்டார். போறதுக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்னு சொல்லிட்டாராம். பஞ்சாயத்தாரும் ரெடி. நாங்க தப்பா நெனச்சுட்டோம்னு சொல்லிடுவோம். நீங்க அட்ரெஸ் மட்டும் நல்லபடியா எழுதிக் குடுங்க."

"நான் எழுதலேன்னா?"

"ஏன் அப்படிப் பேசறீங்க. நாங்க என்ன கணக்கா பாக்கறோம்? ஒருத்தருக்கு ஒருத்தர் செய்யறதுதானே."

உள்ளே பார்த்தேன். மாமியாரின் ஜெபமாலை ஆணியில் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போயிருந்தார்.

அன்று பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் உட்கார்ந்து எழுதினேன். கஷ்டப்பட்டு எழுதவேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. காலேஜில் எனக்குச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் இதற்காகவே செய்யப்பட்டது போல இருந்தது. உறங்காத விழிப்பு, எளியோருக்கு அடைக்கலம், துயருற்ற இல்லங்களில் அவர் காட்டிய மென்மை, அவர் பிரிவால் எங்கள் இதயங்களில் ஏற்படும் வெற்றிடம். ஒவ்வொரு தொடரும் தன்னால் அடுத்ததைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஒரு இடத்திலும் அடித்து எழுதவில்லை. படித்துப் பார்த்தேன். என்னிடம் படிக்கும் பையன் எழுதியிருந்தால் நல்ல மார்க் போட்டிருப்பேன்.

மறுநாள் மாலை சில்வெஸ்டரும் ரெமிஜியசும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். வழியில் சில்வெஸ்டர் என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். கனமான கை. எடுக்கச் சொல்லத் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று வரவேற்றார். முதலில் உபசாரப் பத்திரத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். இடையில் ஒருமுறை நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் இதுக்கெல்லாம் தகுதி இல்லாதவன்."

"நீங்க அப்படிச் சொல்லக்கூடாது சார்," என்றார் சில்வெஸ்டர்.

"ஒரே ஒரு இடம் மாஸ்டர். கண்டிப்பு, ஆனா கருணைன்னு வர்ற மாதிரி ஒரு வார்த்தை போடலாமா? நான் சொன்னேன்னு வேணாம்."

"போடலாம்," என்றேன்.

"கருணைன்னு மட்டும் இருந்தா மேலதிகாரிங்க வேற மாதிரி நெனைப்பாங்க."

பிறகு மற்ற விஷயத்துக்கு வந்தார். காகிதத்தை எடுத்து நேராக வைத்தார். "எங்க சபையில மண்ணை மந்திரிக்கறதெல்லாம் கிடையாது. எல்லாம் ஆண்டவரோட மண்ணுதான். ஆனா அவங்கவங்க வழக்கத்துக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். அன்னிக்கும் நானா எதையும் எழுதல மாஸ்டர். அவங்க சொன்னாங்க, எழுதினேன். இன்னிக்கு வேற மாதிரி சொன்னா, அதையும் எழுதறேன். தலைசுத்தல் உண்டு, அன்னிக்கு வெறும் வயித்துல தண்ணி எடுக்கப் போனாங்க, தலை சுத்தி விழுந்துட்டாங்க. சரிதானே?"

"சுவர் இடிஞ்சிருந்தது," என்றேன்.

ரெமிஜியஸ் இருமினார்.

"மாஸ்டர், இப்ப போய்ப் பாருங்க," என்றார் சில்வெஸ்டர். "அத்தனையும் சிமெண்டு. யானை வந்து முட்டினாலும் அசையாது."

"அன்னிக்கு?"

"அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு இப்ப யார் கேக்கறா?"

இன்ஸ்பெக்டர் பொறுமையாக எனக்கு விளக்கினார். சுவர் இடிந்திருந்தது என்றால் கேஸ் வேறு. கிணற்றுச் சொந்தக்காரர் மேல் வரும். அதை இவர் போகிற நேரத்தில் முடிக்க முடியாது. புது இன்ஸ்பெக்டர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். புதியவர்களுக்கு எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கவேண்டும். "தோண்டி எடுங்கன்னு சொன்னாலும் சொல்லுவாங்க. பெரியம்மா இருக்காங்க இல்ல வீட்டுல? அவங்க அதைப் பாக்கணுமா?" அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். அந்த வருத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. சில்வெஸ்டரின் கை மறுபடி என் தோளுக்கு வந்தது.

"எழுதுங்க," என்றேன்.

எழுதினார். சுவர் நல்ல நிலையில் இருந்தது. கேத்தரினுக்குத் தலைசுற்றல் வரும். கணவன் மனைவிக்குள் மனஸ்தாபம் இல்லை. வரிக்கு வரி என்னைப் பார்த்துத் தலையசைக்க இடம் கொடுத்து எழுதினார். கடைசியில் பேனாவை நிறுத்தினார்.

"வீட்டைவிட்டு இறங்கும்போது கடைசியா என்ன சொன்னாங்க? அது ஒண்ணு இருந்தா நல்லது. சாகணும்ன்ற எண்ணமே இல்லன்னு தெரியும்."

பதில் தெரியவேண்டும் என்று என்னிடம் அவர்கள் கேட்ட முதல் கேள்வி அது. நான் சொன்னேன்.

அவர் பேனா நகரவில்லை. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ரெமிஜியஸ் தரையைப் பார்த்துப் புன்னகை செய்தார். "மாஸ்டர் ரொம்ப நேர்மை," என்றார் சில்வெஸ்டர்.

"இதை எழுதினா மாஜிஸ்ட்ரேட் சிரிப்பார்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு பொம்பளை கடைசியாப் பேசின பேச்சு. கொஞ்சம் கௌரவமா இருக்க வேணாமா?"

கதவோரம் நின்ற ரங்காவும் சேர்ந்துகொண்டான். "ஸ்வல்ப சாமி பேரு வந்தா ஒள்ளேது சார்."

"சாமி பேரு வந்தா நல்லதுதான், ரங்கா சொல்றது சரி," என்றார் ரெமிஜியஸ். "கோயிலுக்குப் போயிட்டு வரேன்னு சொன்னதா வெச்சுக்கலாம்."

"வாளியோடயா கோயிலுக்குப் போவாங்க?" என்றார் சில்வெஸ்டர். "ஏன்யா, தபால்ல ஸ்டாம்ப் குத்தற மாதிரியே பேசறியே."

"அப்ப மாதா படத்துக்குப் பூ வைக்கணும், தண்ணி எடுத்துட்டு வரேன்னு. நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன்னும் சேர்த்துக்கலாம்."

"சந்தோஷமா இருக்கேன்னு யாரும் சொல்லிட்டுப் போக மாட்டாங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "சந்தேகம் வரும். பூ நல்லா இருக்கு. பூ போதும்."

எல்லாரும் சேர்ந்து என் மனைவிக்கு வசனம் எழுதினார்கள். ஒரு சொல்லை மாற்றினார்கள். 'தண்ணி'யை முன்னால் வைத்துப் பார்த்தார்கள், பின்னால் வைத்துப் பார்த்தார்கள். அவர்களில் யாருக்கும் அவள் குரல் ஞாபகம் இருந்திருக்காது. இருந்திருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டர் அதை இங்கிலீஷில் எழுதி வாசித்துக் காட்டினார். தேவமாதாவுக்குப் புதுப் பூ சாத்தவேண்டும், நல்ல தண்ணீர் கொண்டுவருகிறேன், என்று சொல்லிவிட்டு இறந்தவள் கிணற்றுக்குப் போனாள். ரெமிஜியசுக்குக் கண் கலங்கிவிட்டது. தாமே சொன்னதைக் கேட்டு. நான் கையெழுத்துப் போட்டேன். பி.ஏ. என்று சேர்த்துப் போடச் சொன்னார்கள். சேர்த்துப் போட்டேன்.

டீ பார்ட்டி சில்வெஸ்டர் வீட்டு முற்றத்தில் ஷாமியானா கட்டி நடந்தது. நான் பத்திரத்தை வாசித்தேன். உறங்காத விழிப்பு என்ற இடத்தில் கைதட்டினார்கள். கண்டிப்பும் கருணையும் என்ற இடத்தில் இன்ஸ்பெக்டர் தலைகுனிந்தார். துயருற்ற இல்லங்களில் காட்டிய மென்மை என்ற இடத்தில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், மெச்சுகிற பார்வை. ஐந்து பஞ்சாயத்தாரும் கோட்டுப் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பதிலுக்குப் பேசும்போது இந்தத் தெரு மக்களைப் போல ஒத்துழைப்புக் கொடுக்கிறவர்களைத் தம் சர்வீசில் பார்த்ததில்லை என்றார். அது ஒன்றுதான் அன்று பேசப்பட்ட உண்மை. ரோஜாப்பூ மாலை போட்டார்கள். சில்வெஸ்டருக்குப் பின்னால் ஒரு தட்டில் ஈரத்துணி போட்டு மூடி இன்னொரு மாலை இருந்தது. புதிதாக வருகிற இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கொஞ்சம் தாமதமாக வந்தார். அவர் தலை வாசலில் தெரிந்ததும் பாதிப்பேர் பழைய இன்ஸ்பெக்டருக்கு முதுகு காட்டித் திரும்பினார்கள். ஓஸ்வால்ட் அதைப் பார்த்தார். கையில் கேக் துண்டு. அதைத் தின்பதா வைப்பதா என்று தெரியாமல் நின்றார். ஒரு நொடி அவர்மேல் எனக்கு இரக்கம் வரும்போல இருந்தது. வரவில்லை.

பிறகு குரூப் போட்டோ. என்னைக் கடைசி வரிசையில் ஓரமாக நிறுத்தினார்கள். படம் வந்தபோது ரெமிஜியஸ் காட்டினார். "மாஸ்டர் மட்டும் கண்ணை மூடிட்டீங்க," என்றார்.

காகிதம் சாமியாருக்குப் போயிற்று. ஒரு சனிக்கிழமை காலையில் மந்திரிப்பு. தெருவில் பாதி வந்திருந்தது. வராமலிருந்தால் நன்றாக இருக்காது. சில்வெஸ்டர் சிமெண்டில் ஒரு சிலுவை செய்து கொண்டுவந்து நட்டார். கிணற்றுச் சுவருக்கு வாங்கியதில் மீந்தது என்று அவரே பெருமையாகச் சொன்னார். சாமியார் கறுப்பு அங்கியில் வந்தார். மேட்டின் மேல் தீர்த்தம் தெளித்தார். கொஞ்சம் தண்ணீர் பக்கத்துச் சின்ன மேடுகளிலும் விழுந்தது. அதற்கு யாரும் காகிதம் கேட்கவில்லை. பிறகு சிறு பிரசங்கம் செய்தார். தேவமாதாவுக்குப் பூச்சாத்தத் தண்ணீர் கொண்டுவரப் போன மகள் என்றார். அந்தக் கடைசிச் சொற்களை நிறுத்தி, நல்ல தமிழில், இரண்டு தடவை சொன்னார். பெண்கள் விசும்பினார்கள். ஒருத்தி, கேத்தரின் எப்போதுமே அப்படித்தான், மாதா பேர் சொல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்கமாட்டாள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவள் ஆமாம் என்றாள். இனி இந்தத் தெருவில் கேத்தரின் இப்படித்தான் இருப்பாள் என்று எனக்குப் புரிந்தது. அவளை எடுத்துக்கொண்டார்கள். முதலில் ஒரு விதமாக எடுத்துக்கொண்டார்கள், இப்போது வேறு விதமாக.

மாமியார் முழங்காலில் நின்றார். சாமியார் போன பிறகும் கொஞ்சநேரம் நின்றார். ஈர மண்ணை ஒரு கிள்ளு எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். முகம் தெளிந்திருந்தது. வீட்டுக்கு நடந்தோம். எல்லாரும் எங்களைத் தாண்டிப் போகும்வரை அவர் பேசவில்லை. ராணுவக் குதிரைகள் தெருவில் போயின. அவை கடக்கட்டும் என்று மரத்தடியில் ஒதுங்கி நின்றோம்.

"மண்ணு மந்திரிச்சாச்சு. எனக்கு அது போதும்," என்றார். "ஆனா ஒண்ணு கேக்கணும் மாப்பிள்ளை."

"கேளுங்க அத்தை."

"நம்ம வீட்டு மாதாவுக்குக் காகிதப் பூதானே. கல்யாணத்துல நான் வாங்கிக் குடுத்தது. அதுக்குத் தண்ணி எதுக்கு?"

குதிரைகள் போய்விட்டன. தெருவில் தூசி நின்றது.

"அவ அப்படிச் சொல்லல," என்றேன்.

"தெரியும். அவ வாயில அந்தப் பேச்சு வராது." முந்தானை முடிச்சைக் கையில் இறுக்கிக்கொண்டார். "பின்ன என்னதான் சொன்னா? என்கிட்ட சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அன்று காலை நான் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றிருந்தேன். அவள் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கால் படியிலும் ஒரு கால் உள்ளேயுமாக நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் சொன்ன மாதிரியே, அவள் சொன்ன வேகத்திலேயே, அத்தையிடம் சொன்னேன்.

"காதுக்குப் பின்னால சோப்பு அப்படியே இருக்கு. தொடைச்சுட்டுச் சட்டையப் போடுங்க. காலர் நனைஞ்சா நான் மறுபடி இஸ்திரி போட மாட்டேன், சொல்லிட்டேன்."